ஐகாம் ஐசி-ஏ25என்இ கையடக்க விமான ரேடியோ: 8.33 சானலில் எப்படி நடந்துகொள்கிறது?

ஐரோப்பாவில் சிறு விமானம், கிளைடர், மைக்ரோலைட் ஓட்டுபவர்கள் கையடக்க ரேடியோ வாங்கப் போனால், விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பவை வாட்டும் ஜிபிஎஸ்ஸும் புளூடூத்தும்தான். '8.33/25 கிலோஹெர்ட்ஸ்' என்பது, அதாவது அடுத்தடுத்த சானல்களுக்கு இடையே உள்ள இடைவெளி, அடியில் ஒரு வரியாக ஒதுங்கிக் கிடக்கும். இந்த வகை ரேடியோவுக்கு மதிப்பெண் போட வேண்டிய இடம் அந்த ஒரு வரிதான். மற்றவையெல்லாம் வசதி.

இங்கே பார்ப்பது ஐகாம் நிறுவனத்தின் ஐசி-ஏ25என்இ. பெயரில் 'என்' இருந்தால் விஓஆர் (தரையிலிருந்து திசை காட்டும் ரேடியோ நிலையம்), ஜிபிஎஸ் போன்ற வழிகாட்டு வசதிகள் உண்டு. 'சி' இருந்தால் பேச்சு மட்டும். கடைசியில் வரும் 'இ' ஐரோப்பியப் பதிப்பு. அமெரிக்கப் பதிப்பு விலை குறைவாகக் கிடைக்கிறது என்று இறக்குமதி செய்பவர்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அங்கத்திய விதிகளுக்கு ஏற்றது என்று சொல்லும் சிஇ முத்திரை இல்லாத ரேடியோவுக்கு உரிமம் வாங்குவது தலைவலி, அந்தச் சிக்கனம் வேண்டாம்.

திரையில் தெரிவது அலைவரிசை அல்ல

விமானப் பேச்சுக்கான விஹெச்எஃப் பட்டை 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. 1972-இல் வந்த 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இதற்குள் 760 சானல்கள் அடங்கின. மேற்கு ஐரோப்பாவின் நெரிசலுக்கு அது போதவில்லை. ஒவ்வொரு 25-ஐயும் மூன்றாக வெட்டினார்கள். 760 சானல் 2280 ஆனது, இடைவெளி எட்டும் மூன்றில் ஒன்றும் கிலோஹெர்ட்ஸ், அதுதான் 8.33. 1999 அக்டோபரில் 24,500 அடிக்கு மேல் பறப்பவர்களுக்கு இது கட்டாயமானது. 2007-இல் 19,500 அடிக்கு இறங்கியது. 1079/2012 எண்ணுள்ள ஐரோப்பிய ஒன்றிய விதியின்படி 2018 ஜனவரி 1 முதல் கீழ்வானத்துச் சிறு விமானங்களுக்கும் வந்துவிட்டது.

118.00833 என்று எந்த பைலட்டும் வாயால் சொல்ல முடியாது. அதனால் அலைவரிசையைச் சொல்லாமல் சானலுக்கு ஆறு இலக்கப் பெயர் வைத்தார்கள். கடைசி இரண்டு இலக்கங்களைப் பாருங்கள். 00, 25, 50, 75 என்று முடிந்தால் அது 25 கிலோஹெர்ட்ஸ் சானல். 05, 10, 15, 30, 35, 40, 55, 60, 65, 80, 85, 90 என்று முடிந்தால் 8.33 சானல். 20, 45, 70, 95 என்று முடியும் சானலே கிடையாது.

118.000, 118.005 இரண்டுக்கும் சுமப்பலை (பேச்சைச் சுமந்து செல்லும் அலை) ஒன்றுதான், 118.0000 மெகாஹெர்ட்ஸ். பெயர் மாறினால் ரேடியோவுக்குள் மாறுவது வடிகட்டியின் அகலம். 118.010 என்று போட்டால் சுமப்பலை 118.00833-க்கும், 118.015 என்றால் 118.01667-க்கும் போகும். 118.025-இல் மறுபடி அகலச் சானல். 118.030 அதே 118.025-இன் குறுகிய வடிவம். ஆக, கடைசி இலக்கத்தில் ஐந்து கூடியதும் அலைவரிசையும் 5 கிலோஹெர்ட்ஸ் கூடியது என்று கணக்குப் போட்டால் தப்பாகும்.

பிரிட்டனில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. தனி அலைவரிசை ஒதுக்கப்படாத சிறு தளங்களில் எல்லோரும் பேசும் சேஃப்டிகாம் முன்பு 135.475. இப்போது 135.480. மைக்ரோலைட்காரர்களின் 129.825 இப்போது 129.830. சுமப்பலை இரண்டிலும் துளிக்கூட நகரவில்லை. அகலம்தான் குறைந்தது. பழைய 25 செட் வைத்திருப்பவர் 135.475-இல் பேசினால் புது சானலில் இருப்பவருக்குக் கேட்கிறது, பதிலும் வருகிறது. இதனால்தான் 'நம்ம பழைய செட்டே போதுமே' என்ற பேச்சு தளங்களில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. போதாது. பழைய செட்டின் அகல வாங்கி (ரிசீவர்), பக்கத்துச் சானலான 135.485-இல் பேசுபவரையும் சேர்த்து உள்ளே இழுக்கும். இரண்டு சுமப்பலைகள் மோதிக் கீச்சொலியும் இரைச்சலும் வரும். அனுப்பும்போது பழைய செட்டின் அலைவரிசை நழுவலும் பக்கத்துச் சானலில் விழும். 25 சானலில் விமான ரேடியோவுக்கு அனுமதிக்கப்பட்ட பிழை மில்லியனில் 30 பங்கு, அதாவது 130 மெகாஹெர்ட்ஸில் 3.9 கிலோஹெர்ட்ஸ் வரை. 8.33-இல் மில்லியனில் 5 பங்குதான், 650 ஹெர்ட்ஸ். எட்டு கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நாலு கிலோஹெர்ட்ஸ் தள்ளி நின்றால் பக்கத்து வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும்.

டியூனிங்: கீபேடும் டயலும்

ஏ25-இல் எண் விசைகளால் நேரடியாகச் சானலைத் தட்டலாம். இதே விலைக்குப் பக்கத்தில் வரும் சில ரேடியோக்களில் டயல் மட்டும்தான். காற்றில் குலுங்கும் காக்பிட்டில் கட்டுப்பாட்டாளர் ஆறு இலக்கத்தை ஒரே மூச்சில் சொல்லும்போது கீபேடின் அருமை தெரியும். கையுறை போட்டுக்கொண்டும் அழுத்தக்கூடிய அளவில் விசைகள் இருக்கின்றன.

டயலில் போகும்போது வரிசையைக் கவனியுங்கள். 135.475-இலிருந்து ஒவ்வொரு சொடுக்குக்கும் 135.480, 135.485, 135.490 என்று போய் அடுத்தது 135.500. நடுவில் 135.495 வராது, வரக் கூடாது. பழக்கமில்லாதவர்கள் 'ஒரு எண் தாண்டிவிட்டது, டயல் பழுது' என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போகிறார்கள். பழுதில்லை, அது சரியாக நடக்கும் டயல்.

இன்னொரு பொதுவான குழப்பம். மெனுவில் சானல் இடைவெளியை 25-க்கு மட்டும் என்று வைத்துவிட்டால் எந்த ரேடியோவும் 8.33 எண்களைக் காட்டாது. புதிதாக வாங்கியதும், முழு ரீசெட் செய்ததும், முதலில் பார்க்க வேண்டிய அமைப்பு இதுதான். '118.005 ஏற்கவே மாட்டேன் என்கிறது' என்ற புகார்களில் பெரும்பாலானவை இங்கே தீர்ந்துவிடும்.

நினைவகத்தில் 300 சானல்கள். உள்ளூர்ப் பறப்புக்கு இதில் பத்திலொரு பங்கு போதும். சிஎஸ்-ஏ25 மென்பொருள் வழியாகக் கணினியில் பட்டியல் போட்டு ஏற்றலாம். பழைய செட்டின் பட்டியலை அப்படியே ஏற்றுபவர்கள் கவனிக்க: முன்பு .475 என்று சேமித்தது இன்று .480 ஆகியிருக்கலாம். வானூர்தித் தகவல் ஏட்டின் நடப்புப் பதிப்பைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். கடைசியாகப் பயன்படுத்திய பத்து சானல்களை அம்பு விசையால் புரட்டும் வசதி, 300 நினைவகத்தைவிட அதிகம் உழைக்கிறது. டவரிலிருந்து தகவல் சேவைக்கு மாறி, அங்கே பதில் இல்லாமல் மறுபடி டவருக்கு வருவதற்கு ஒரு தட்டு போதும். 121.500-க்குத் தனி விசை உண்டு. அந்த அவசர அலைவரிசை இன்னும் 25 கிலோஹெர்ட்ஸ் சானலாகவே இருக்கிறது.

அகலச் சானலிலும் நன்றாகக் கேட்க வேண்டும்

8.33 வந்துவிட்டால் 25 ஒழிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் இதைப் படிக்கவும். ஒரு தகவல் சேவை பெரிய பரப்பை மூட வேண்டியிருந்தால், பல கோபுரங்களிலிருந்து ஒரே நேரத்தில் அனுப்புவார்கள். எல்லாவற்றையும் ஒரே அலைவரிசையில் வைத்தால், அவற்றுக்கிடையே தவிர்க்க முடியாத சிறு வித்தியாசத்தால் ஒன்றோடொன்று மோதி ஊளையிடும். அதனால் வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளி வைப்பார்கள். இரண்டு கோபுரமென்றால் மையத்துக்கு இருபுறமும் 5 கிலோஹெர்ட்ஸ். ஐந்து கோபுரமென்றால் 8 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். மோதலின் ஊளை அப்போது காது கேட்கும் பேச்சு எல்லைக்கு மேலே போய்விடும், ரேடியோவின் ஒலி வடிகட்டி அதை வெட்டிவிடும்.

8.33-க்கான குறுகிய வடிகட்டியில் மையத்திலிருந்து 5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும் சுமப்பலை நுழையாது. ஆகவே நல்ல ரேடியோ, 124.600 போன்ற எண்ணைப் பார்த்ததும் அகல வடிகட்டிக்கும், 124.605 என்றால் குறுகிய வடிகட்டிக்கும் தானாக மாற வேண்டும். 'துல்லியமான ரேடியோ' என்ற பெயரில் எல்லாவற்றுக்கும் குறுகிய வடிகட்டியையே போட்டுவிட்டால் இந்தச் சேவைகள் விட்டுவிட்டுக் கேட்கும், குற்றம் ஆன்டெனா மேல் விழும். ஏ25 போன்ற இரட்டை இடைவெளி ரேடியோக்களில் பைலட்டுக்குத் தனி ஸ்விட்ச் எதுவும் இல்லை. எண்ணைச் சரியாகப் போடுவதுதான் ஸ்விட்ச். 124.600-க்குப் பதிலாக 124.605 என்று வைத்துவிட்டு 'சிக்னல் வீக்' என்று சொல்வதில் அர்த்தமில்லை.

குறுகிய சானலில் பேச்சு சற்று மந்தமாகக் கேட்பதும் இயல்பு. 25-இல் ஒலி சுமார் 3400 ஹெர்ட்ஸ் வரை போகலாம், 8.33-இல் 2500-ஐ ஒட்டி நின்றுவிடும். ச, ஷ போன்ற ஒலிகள் மழுங்கும். ஒலிபெருக்கி 1500 மில்லிவாட் என்பதால் சத்தத்துக்குக் குறைவில்லை. பிஸ்டன் எஞ்சின் காக்பிட்டில் அதுவும் காணாது, ஹெட்செட் வேண்டும்.

ஆறு வாட் என்றால் என்ன

பெட்டியில் 6 வாட் என்றிருப்பது உச்சத் திறன். சுமப்பலை 1.8 வாட்தான். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. சுமப்பலையின் வலுவைப் பேச்சுக்கேற்ப ஏற்றி இறக்கும் ஏஎம் பண்பேற்றத்தில் பேச்சு உச்சத்தில் திறன் மேலே போகும், நூறு சதவீதம் பண்பேற்றினால் நாலு மடங்கு. 1.8-க்கு 6 என்பது ஏறக்குறைய 83 சதவீதப் பண்பேற்றம். ஆனால் இன்னொரு பிராண்டின் '5 வாட்' செட்டோடு ஒப்பிடும்போது இரண்டும் உச்சத் திறனா, சுமப்பலையா என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். யேசு (Yaesu) நிறுவனத்தின் எஃப்டிஏ-250எல் 5 வாட் உச்சம், 1.5 வாட் சுமப்பலை. காதில் இந்த வித்தியாசம் தெரியாது.

தூரத்தைத் தீர்மானிப்பது உயரமும் ஆன்டெனாவும். 3000 அடியில் பறக்கும் விமானத்துக்கும் 100 அடி உயரத்தில் ஆன்டெனா வைத்த தரைநிலையத்துக்கும் நேர்ப்பார்வைத் தூரம் சுமார் 80 கடல்மைல். கூடவே வரும் ரப்பர் ஆன்டெனாவை உலோக காக்பிட்டுக்குள் வைத்துக்கொண்டு அந்தத் தூரத்தை எதிர்பார்க்கக் கூடாது. கால் அலைநீளம் இந்தப் பட்டையின் நடுவில் சுமார் 59 சென்டிமீட்டர், ரப்பர் ஆன்டெனா அதில் ஒரு பங்குதான். பிஎன்சி இணைப்பு இருப்பதால் வெளி ஆன்டெனாவின் கேபிளை நேராக மாட்டலாம். ஆர்ஜி-58 கேபிள் மூன்று மீட்டருக்கு அரை டெசிபெல் அளவு தின்னும், அது பரவாயில்லை. கேபிள் முனையில் பிஎன்சியைச் சரியாக கிரிம்ப் செய்யாமல் திருகு வகையைப் போட்டு, அதிர்வில் பின்னல் கழன்று நிற்பதுதான் உண்மையான இழப்பு.

ரப்பர் ஆன்டெனாவோடு மடியில் வைத்துப் பேசினால் ஹெட்செட் வயரில் அலை ஏறி உங்கள் குரலோடு உறுமல் போகும். எதிர்முனை 'ரீடபிலிட்டி த்ரீ' (சிரமப்பட்டுத்தான் புரிகிறது) என்று சொன்னால் முதலில் ரேடியோவை வயரிலிருந்து விலக்கி, ஜன்னல் பக்கம் நிமிர்த்திப் பிடியுங்கள். காந்தத் திசைகாட்டியின் பக்கத்திலும் வைக்க வேண்டாம், ஒலிபெருக்கியின் காந்தம் ஊசியை இழுக்கும்.

வழிகாட்டு வசதிக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

பெரும்பாலோருக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. 108 முதல் 117.95 வரையுள்ள வழிகாட்டுப் பட்டை 50 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியிலேயே இருக்கிறது, 8.33 குழப்பம் அங்கே இல்லை. ஏ25என்இ விஓஆரின் திசையைத் திரையில் நன்றாகவே காட்டுகிறது. ஆனால் ஓடுபாதையில் இறங்க வழிகாட்டும் ரேடியோ அமைப்பான ஐஎல்எஸ் கிடையாது. மோசமான வானிலையில் ஓடுபாதைக்கு வழிகாட்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது வேண்டுமென்றால் யேசு எஃப்டிஏ-750எல் பக்கம் போக வேண்டும், சரிவுப் பாதைக்கான 329 முதல் 335 மெகாஹெர்ட்ஸ் வாங்கியும் அதில் உண்டு. அதையும் அவசரத் துணையாக மட்டுமே கருதலாம். உள்ளே இருக்கும் ஜிபிஎஸ் வேலை செய்கிறது, ஆனால் சட்டைப்பையில் இருக்கும் போன் அதைவிடப் பெரிய வரைபடம் காட்டும்.

புளூடூத் பற்றி இரண்டு வரி போதும். நிறுவனத்தின் சொந்த ஹெட்செட்டோடு இணைந்துவிடும். மற்றவற்றோடு இணைவது அந்த ஹெட்செட்டைப் பொறுத்தது, வாங்கும் முன் கடையிலேயே இணைத்துப் பேசிப் பாருங்கள். வழக்கமான இரட்டை முனை விமான ஹெட்செட்டுக்கு அடாப்டர் வேண்டும். அது பெட்டியில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மாட்டியதும் மெனுவில் சைட்டோனை இயக்குங்கள். இல்லையென்றால் பேசும்போது உங்கள் குரல் உங்களுக்கே கேட்காது, கத்த ஆரம்பிப்பீர்கள், கத்தினால் பண்பேற்றம் நசுங்கும்.

பிபி-288 லித்தியம் பேட்டரிக்கு நிறுவனம் சொல்லும் நேரம் பத்தரை மணி. பெரும்பகுதி கேட்டுக்கொண்டே இருந்தால்தான் அது. அடிக்கடி பேசினால், ஜிபிஎஸ்ஸும் திரை விளக்கும் ஓடினால் கணிசமாகக் குறையும். நீர், தூசுக் காப்பு ஐபி57. தளத்தில் நாள் முழுக்க மேசையில் நிற்கும் ரேடியோ வேண்டுமென்றால் ஐகாமின் ஐசி-ஏ16இ பொருத்தமானது. வழிகாட்டு வசதியும் ஜிபிஎஸ்ஸும் இல்லை, பேட்டரி 17 மணி, 8.33 டியூனிங்கில் எந்தக் குறையும் இல்லை.

சட்டப் பக்கம்

கையடக்க ரேடியோக்கள் ஈஎன் 300 676 என்ற ஐரோப்பியத் தரத்தின்படி சோதிக்கப்படுபவை. விமானப் பலகையில் பொருத்தும் ரேடியோவுக்கான ஏற்பு வேறு, இதை வைத்து அதை ஈடுகட்ட முடியாத இடங்கள் உண்டு. பறப்புத் திட்டத்தின் 10-ஆம் கட்டத்தில் 'ஒய்' எழுத்து, விமானத்தில் 8.33 வசதி இருக்கிறது என்பதைச் சொல்கிறது. பையில் இருக்கும் செட்டை நம்பி அதைப் போடும் முன் உங்கள் நாட்டு விதியைப் பாருங்கள். பிரிட்டனில் தொலைத்தொடர்பு ஆணையமான ஆஃப்காமின் உரிமமும், பேசுபவருக்கு ரேடியோத் தொலைபேசிச் சான்றும் வேண்டும். ஜெர்மனியில் ரேடியோப் பேச்சுக்கான பிஇசட்எஃப் தேர்வு. இந்தியாவில் உரிமமில்லாமல் இந்தப் பட்டையில் அனுப்பும் கருவி வைத்திருப்பதே குற்றம். ஊருக்கு வரும்போது நண்பருக்குப் பரிசாக ஒன்று வாங்கி வருவது நல்ல யோசனையல்ல. அமெரிக்காவில் சிறு விமானங்கள் இன்னும் 25-இலேயே பேசுகின்றன. அங்கே பறப்பவருக்கு 8.33 அவசரத் தேவையில்லை.

பழைய செட் வாங்குவோருக்கு

இரண்டாம் கை ஏ25 வாங்குவதாக இருந்தால் பத்து நிமிடம் ஒதுக்கி இவற்றைப் பாருங்கள். 118.005 தட்டி, திரையில் கடைசி இலக்கம் நிற்கிறதா என்று பாருங்கள். 118.020 தட்டுங்கள், செட் அதில் நிற்கக் கூடாது. டயலில் 118.000-இலிருந்து 118.100 வரை சொடுக்குகளை எண்ணினால் பதினாறு வர வேண்டும். பிறகு ஆன்டெனாவைக் கழற்றி 50 ஓம் டம்மி லோடு (அலையை வெளியே விடாமல் விழுங்கும் போலிச் சுமை) மாட்டி, அதன் பக்கத்தில் அலைவரிசை எண்ணியை (அலைவரிசையை அளக்கும் கருவி) வைத்து, பேசாமல் பிடிடி என்ற பேசும் பொத்தானை மட்டும் அழுத்துங்கள். 118.005-இல் 118.00000 மெகாஹெர்ட்ஸ், 118.010-இல் 118.00833, 118.015-இல் 118.01667. மில்லியனில் 5 பங்கு என்ற எல்லையை அளவாக வைத்தால் பிழை 590 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும், நல்ல நிலையில் உள்ள செட் அதற்கு வெகு உள்ளேயே நிற்கும். அந்த எண்ணிக் கருவி வெயிலில் கிடந்து சூடாகியிருந்தால் அதன் பிழையே உங்களைக் குழப்பும், அரை மணி முன்னதாகவே இயக்கி வையுங்கள். டம்மி லோடு இல்லாமல் ஆன்டெனாவோடு இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். 118.010-இல் உங்களுக்குப் பக்கத்து டவர் பேசிக்கொண்டிருக்கலாம்.